கின்ஷாசா – லுபும்பாஷி: எவ்வளவு தொலைவு, விமானத்தில் எவ்வளவு நேரம்?

செம்புத்தடம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். காங்கோ ஜனநாயகக் குடியரசின் தென்கிழக்கு மூலையில் உள்ள லுபும்பாஷியில், ஒரு சுரங்க ஒப்பந்த நிறுவனத்தில் பணியேற்று நான்கு மாதங்கள் ஆகின்றன. கடவுச்சீட்டைப் புதுப்பிக்க வேண்டியிருப்பதால், அடுத்த மாதம் தலைநகர் கின்ஷாசாவில் உள்ள இந்தியத் தூதரகத்துக்குச் செல்கிறேன். அலுவலகத்தில் பதிவுசெய்து கொடுத்த பயணச்சீட்டைப் பார்த்ததிலிருந்து எனக்கு ஒரு குழப்பம்.

போகும்போது லுபும்பாஷியில் காலை 9:00 மணிக்குப் புறப்பட்டு, கின்ஷாசாவை 10:20 மணிக்கு அடையும் என்று அச்சிட்டிருக்கிறது. திரும்பும்போது கின்ஷாசாவில் பகல் 12:00 மணிக்குப் புறப்பட்டு, லுபும்பாஷியைப் பிற்பகல் 3:20 மணிக்கு அடையும் என்று இருக்கிறது. போவதற்கு ஒரு மணி இருபது நிமிடமும் வருவதற்கு மூன்று மணி இருபது நிமிடமும் ஆகுமா? தொலைவைத் தேடினால் ஓரிடத்தில் 1,550 கிலோமீட்டர் என்றும் இன்னோரிடத்தில் 2,300 கிலோமீட்டர் என்றும் காட்டுகிறது. எதை நம்புவது என்று தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும். எந்த நேரத்தில் என்னைத் தொலைபேசியில் பிடிக்கலாம் என்று ஊரில் உள்ளவர்களுக்கும் சொல்லியாக வேண்டும்.

நிலநடுக்கோடு எழுதியது:

நண்பரே, உங்கள் பயணச்சீட்டில் பிழை எதுவும் இல்லை. அந்த நாட்டுக்கு இரண்டு நேர வலயங்கள் உள்ளன. கின்ஷாசா உலகப் பொது நேரத்தைவிட ஒரு மணி நேரம் முன்னே இருக்கிறது; லுபும்பாஷியோ இரண்டு மணி நேரம் முன்னே இருக்கிறது. விமான நிறுவனங்கள் புறப்படும் நேரத்தைப் புறப்படும் ஊரின் கடிகாரத்திலும், சேரும் நேரத்தைச் சேரும் ஊரின் கடிகாரத்திலும்தான் அச்சிடுவது வழக்கம். ஆகவே மேற்கே போகும்போது ஒரு மணி நேரம் உங்களுக்குத் திரும்பக் கிடைக்கிறது. கிழக்கே வரும்போது அதே ஒரு மணி நேரம் கழிந்துவிடுகிறது. போகும் கணக்கில் ஒன்றைக் கூட்டி, வரும் கணக்கில் ஒன்றைக் கழித்துப் பாருங்கள். இரண்டும் இரண்டு மணி இருபது நிமிடத்தில் வந்து நிற்கும்.

இந்த வலயப் பிரிவு ஏதோ ஆட்சியாளர்கள் மனம்போன போக்கில் கோடு கிழித்துச் செய்தது போலத் தோன்றலாம். ஆனால் சூரியனை வைத்துப் பார்த்தால் அது நன்றாகவே பொருந்துகிறது. கின்ஷாசா கிழக்குத் தீர்க்கரேகை 15.3 பாகையிலும், லுபும்பாஷி 27.5 பாகையிலும் இருக்கின்றன. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் எடுத்துக்கொள்வதால், இரண்டு ஊர்களின் உச்சிப்பொழுதுக்கும் இடையே இயல்பாகவே ஏறத்தாழ 49 நிமிட வேறுபாடு உண்டு. கின்ஷாசா தன் வலயத்தின் நடுக்கோடான 15 பாகைக்கு மிக அருகில் இருப்பதால், அங்கே கடிகாரமும் சூரியனும் கிட்டத்தட்ட ஒத்துப்போகும். லுபும்பாஷி தன் வலயத்தின் நடுக்கோடான 30 பாகைக்குச் சற்று மேற்கே இருப்பதால், அங்கே சூரியன் கடிகாரத்துக்குப் பத்து நிமிடம் பிந்தியிருக்கும்.

ஊரில் உள்ளவர்களுக்குச் சொல்ல: இந்திய நேரத்திலிருந்து லுபும்பாஷிக்கு மூன்றரை மணி நேரத்தையும், கின்ஷாசாவுக்கு நாலரை மணி நேரத்தையும் கழிக்க வேண்டும். கோடை, குளிர்காலத்துக்கு என்று அங்கே கடிகாரத்தை மாற்றும் வழக்கம் இல்லை என்பதால், ஆண்டு முழுவதும் இதே கணக்குத்தான்.

வான்வழி எழுதியது:

நேரக் கணக்கு தெளிவாகிவிட்டதால், தொலைவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நீங்கள் கண்ட இரண்டு எண்களும் சரியானவையே; அவை இரண்டு வெவ்வேறு பொருள்களை அளக்கின்றன. கின்ஷாசாவின் ந்ஜிலி விமான நிலையத்திலிருந்து லுபும்பாஷியின் லுவானோ விமான நிலையத்துக்குப் பூமியின் வளைவை ஒட்டி அளந்தால் ஏறத்தாழ 1,550 கிலோமீட்டர், அதாவது சுமார் 840 கடல் மைல். 2,300 என்பது சாலை வழியாகக் கணக்கிட்ட தோராயத் தொலைவு. நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில், தட்டையான வரைபடத்தில் அளவுகோலை வைத்து இழுக்கும் கோட்டுக்கும் உண்மையான குறுகிய பாதைக்கும் இடையே சொல்லத்தக்க வேறுபாடு வராது.

இனி, பறக்கும் நேரம். பல இணையக் கணிப்பான்கள் 1,550 கிலோமீட்டரை மணிக்கு 850 கிலோமீட்டரால் வகுத்து, "1 மணி 50 நிமிடம்" என்று காட்டிவிடுகின்றன. விமானம் ஓடுபாதையை விட்டு எழுந்த கணத்திலேயே அந்த வேகத்தை எட்டிவிடுவதில்லை என்பதால் இந்தக் கணக்கு தவறு. ஏர்பஸ் ஏ320 அல்லது போயிங் 737 வகை விமானம் 35,000 அடிக்கு ஏறி முடிக்க இருபது நிமிடம் போல ஆகும். அதற்குள் அது கடந்திருக்கும் தொலைவு 200 கிலோமீட்டர் அளவில்தான் இருக்கும். இறங்குவதற்கும் ஏறத்தாழ அதே அளவு நேரமும் தொலைவும் தேவை. எஞ்சும் 1,150 கிலோமீட்டரை மணிக்கு 830 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 83 நிமிடம். கூட்டினால் வானில் இருக்கும் நேரம் இரண்டு மணி ஐந்து நிமிடம் அளவில் வருகிறது. அதனுடன் வாயிலிலிருந்து ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதற்கும், இறங்கிய பின் நிறுத்துமிடம் வந்து சேர்வதற்கும் கால் மணி நேரத்தைச் சேருங்கள். பயணச்சீட்டில் இருப்பது இந்த முழு நேரம்தான், அதாவது சக்கரத்தடை எடுத்ததிலிருந்து மீண்டும் சக்கரத்தடை வைப்பது வரை.

உங்கள் சீட்டில் உள்ள விமான வகையையும் பார்த்துக்கொள்ளுங்கள். அது ஏடிஆர் 72 போன்ற சுழல்விசிறி விமானமாக இருந்தால், மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் வானில் மட்டுமே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரண்டு மணி இருபது நிமிடம் என்று போட்டிருப்பதிலிருந்து, உங்களுடையது ஜெட் விமானம் என்று உறுதியாகச் சொல்லலாம்.

வழிப்போக்கன் எழுதியது:

இரண்டு ஐயங்கள். முதலாவது, ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போவதைவிடத் திரும்பி வருவது விரைவாக இருப்பதற்கு மேலடுக்குக் காற்றே காரணம் என்று படித்திருக்கிறேன். இங்கேயும் கிழக்கே வரும் பயணம் காற்றினால் விரைவாக முடியாதா? இரண்டாவது, 2,300 கிலோமீட்டர் சாலை இருக்கிறது என்றால் அதில் பேருந்து ஓடாதா? சென்னையிலிருந்து தில்லிக்குச் சாலைவழி ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர். அதை இரண்டு, மூன்று நாளில் கடந்துவிடுகிறோமே.

கட்டங்காவாசி எழுதியது:

இரண்டாவது ஐயத்துக்கு நான் பதில் சொல்கிறேன். லுபும்பாஷியில் பதினொரு ஆண்டுகளாக இருக்கிறேன். நான் அறிந்தவர்களில் ஒருவர்கூடக் கின்ஷாசாவுக்குச் சாலை வழியாகப் போனதில்லை.

வரைபடத்தில் சாலை இருப்பது உண்மை. தேசிய நெடுஞ்சாலை 1 என்பது அட்லாண்டிக் கரையிலிருந்து தொடங்கி, மதாடி, கின்ஷாசா, கிக்விட், சிகாப்பா, கனங்கா, ம்புஜி-மாயி, கொல்வேசி, லிகாசி வழியாக லுபும்பாஷிக்கு வந்து, சாம்பியா எல்லையில் உள்ள கசும்பலேசாவில் முடிகிறது. இதன் இரண்டு முனைகளும் நல்ல சாலைகள். கின்ஷாசாவிலிருந்து கிக்விட் வரை தார் போட்டிருக்கிறது. இந்தப் பக்கம் லுபும்பாஷியிலிருந்து கொல்வேசி வரை செம்பு ஏற்றிய கனரக வாகனங்கள் இரவும் பகலும் ஓடுகின்றன. நடுவில் கசாய் பகுதியைக் கடப்பதுதான் பெரும்பாடு. அங்கே சாலை என்ற பெயரில் இருப்பது பெரும்பாலும் மணலும் செம்மண்ணும்தான். நவம்பரில் மழை பிடித்துவிட்டால், முன்னே போன வண்டி புதைந்த பள்ளத்தில் அடுத்த வண்டியும் புதைந்து நிற்க, பின்னால் வரிசை வளரும். சரக்கு வண்டிகள் வாரக்கணக்கில் கிடந்து வந்து சேர்ந்த கதைகளை ஓட்டுநர்களிடமிருந்தே கேட்டிருக்கிறேன். சென்னை – தில்லி எண்ணிக்கையை இங்கே கொண்டுவந்து வைக்க முடியாமல் போவது இதனால்தான்.

தொடர்வண்டியும் முழுமையாக இல்லை. பெல்ஜியர் காலத்தில் செம்பை நாட்டுக்குள்ளேயே கடற்கரைக்குக் கொண்டுசெல்ல ஒரு வழி அமைத்தார்கள். லுபும்பாஷியிலிருந்து கசாய் ஆற்றங்கரையில் உள்ள இலேபோ வரை இருப்புப்பாதை. அது 1928-ல் முழுமை பெற்றது. இலேபோவிலிருந்து கின்ஷாசா வரை ஆற்றில் படகு. அங்கிருந்து மதாடித் துறைமுகத்துக்கு 1898-ல் முடிந்த இன்னோர் இருப்புப்பாதை. இலேபோவையும் கின்ஷாசாவையும் தண்டவாளத்தால் இணைக்கும் திட்டம் பல தலைமுறைகளாகப் பேசப்பட்டும் இன்றுவரை நிறைவேறவில்லை. ஆகவே செம்பு ஒருமுறை இருப்புப்பாதையிலிருந்து படகுக்கும், மறுமுறை படகிலிருந்து இருப்புப்பாதைக்கும் மாற வேண்டும்; அதைவிடத் தெற்கே சாம்பியா வழியாக அண்டை நாட்டுத் துறைமுகங்களுக்குப் போவதே எளிது என்று ஆகிவிட்டது.

இந்த இரு முனைகளையும் தரைவழியாக இடையறாமல் இணைத்த ஒன்று உண்டு என்றால், அது மின்கம்பிதான். காங்கோ ஆற்றின் இங்கா அணையிலிருந்து கொல்வேசிக்கு ஏறத்தாழ 1,700 கிலோமீட்டர் நீளத்தில் நேர்மின்னோட்டக் கம்பி இழுத்து 1982-ல் இயக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். மின்சாரம் போன வழியில் இன்னும் மனிதர் போக வழியில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் செய்தி. கின்ஷாசாவில் படிக்கும் பிள்ளையைப் பார்க்க ஆண்டுக்கு ஒரு விமானச்சீட்டுக்கூட வாங்க முடியாத தாய்மார்கள் என் தெருவிலேயே இருக்கிறார்கள்.

இன்னொன்றையும் வரைபடத்தில் பாருங்கள். லுபும்பாஷியிலிருந்து ஜோகன்னஸ்பர்க் விமான நிலையம் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 1,620 கிலோமீட்டர். சாம்பியத் தலைநகர் லுசாக்கா 430 கிலோமீட்டர்தான். அதாவது சொந்தத் தலைநகருக்குப் போவதும் தென்னாப்பிரிக்காவுக்குப் போவதும் எங்களுக்குக் கிட்டத்தட்ட ஒரே தொலைவு.

வான்வழி எழுதியது:

கட்டங்காவாசி ஐயா எழுதியதைப் படித்தபின், வெறும் எண்ணாக நான் எழுதிய 2,300-ஐ இனி அப்படி எழுதக் கூடாது என்று தோன்றுகிறது. நன்றி.

காற்றைப் பற்றிய ஐயத்துக்கு வருகிறேன். வழிப்போக்கன் குறிப்பிடும் மேற்குக் காற்றோட்டம் வட, தென் நடு அகலாங்குகளுக்கு உரியது. இந்தத் தடமோ தெற்கு அகலாங்கு 4 பாகைக்கும் 12 பாகைக்கும் இடையில் இருக்கிறது. அங்கே மேலடுக்குக் காற்று பொதுவாக மெல்லியது. வீசினாலும் பெரும்பாலும் கிழக்கிலிருந்து மேற்காக வீசும். மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று வீசுகிறது என்று வைத்துக்கொண்டாலும், 1,150 கிலோமீட்டர் நேர்ப்பறப்பில் ஒரு திசையில் மூன்று நிமிடம் குறையும், மறு திசையில் மூன்று நிமிடம் கூடும். பயணி அதை உணரவே மாட்டார்.

நேரத்தை உண்மையில் மாற்றுவது இடிமேகம். காங்கோப் படுகை உலகில் மின்னல் மிக அதிகமாக வெட்டும் நிலப்பரப்புகளில் ஒன்று. பிற்பகலில் எழும் மேகக்கோபுரங்கள் விமானம் பறக்கும் உயரத்தையும் தாண்டி நிற்பதால், அவற்றின் மேலே போக முடியாது. சுற்றித்தான் போக வேண்டும். அந்தச் சுற்று ஐந்து நிமிடமாகவும் இருக்கலாம், இருபது நிமிடமாகவும் இருக்கலாம். தரைக் கட்டுப்பாட்டின் ரேடார் இந்தப் பெரும் வனப்பரப்பு முழுவதையும் எட்டுவதில்லை என்பதால், ஆப்பிரிக்க வான்வெளியில் விமானிகள் 126.9 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் தாங்கள் இருக்கும் இடம், உயரம், திசை ஆகியவற்றைத் தாங்களே அறிவித்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டே பறக்கும் நடைமுறை ஒன்று உண்டு. காலை விமானத்தைத் தேர்ந்தெடுத்தது நல்லது. மேகங்கள் திரளும் முன் பாதித் தொலைவைக் கடந்துவிடுவீர்கள்.

பாதுகாப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டில் பதிவுபெற்ற விமான நிறுவனங்கள் 2006 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் தடைப்பட்டியலில் இருந்து வந்திருக்கின்றன. அந்தத் தடை, நாட்டின் விமானக் கண்காணிப்பு அமைப்பின் குறைபாட்டைக் கருதி எல்லா நிறுவனங்களுக்கும் மொத்தமாக விதிக்கப்படுவது. ஒவ்வொரு விமானத்தையும் சோதித்துச் சொன்ன தீர்ப்பு அல்ல. எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் 49 விழுக்காடு பங்கு வைத்திருக்கும் ஏர் காங்கோ 2024 டிசம்பரில் போயிங் 737 விமானங்களுடன் உள்நாட்டுச் சேவையைத் தொடங்கியிருக்கிறது. இவற்றை எடைபோட்டு முடிவெடுப்பது உங்கள் அலுவலகத்தின் பொறுப்பு. அவர்களிடம் கேட்கத் தயங்க வேண்டாம்.

ஆற்றங்கரை எழுதியது:

கின்ஷாசாவில் ஆறு ஆண்டுகளாகக் குடியிருப்பவள் என்ற முறையில் ஒரு முக்கியமான எச்சரிக்கை. விமானம் தரையிறங்கியதும் பயணம் முடிந்துவிட்டது என்று எண்ணாதீர்கள், தம்பி. ந்ஜிலி விமான நிலையத்திலிருந்து தூதரகங்களும் அமைச்சகங்களும் உள்ள கொம்பே பகுதிக்கு 25 கிலோமீட்டர் அளவில்தான் இருக்கும். லுமும்பா பெருஞ்சாலையில் நெரிசல் இல்லாத விடியற்காலையில் அதை முக்கால் மணி நேரத்தில் கடந்திருக்கிறேன். வேலை நாளில், மழை பெய்து வெள்ளமும் தேங்கிவிட்டால், மூன்று மணி நேரத்துக்கு மேலும் அமர்ந்திருக்கிறேன்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சொல்கிறேன். ஆற்றுக்கு அக்கரையில் காங்கோ குடியரசின் தலைநகர் பிராசவில் இருக்கிறது. அது வேறு நாடு. அதன் மாயா-மாயா விமான நிலையத்துக்கும் ந்ஜிலிக்கும் இடையே வானில் 26 கிலோமீட்டர்தான். அதாவது உங்கள் விமானம் இறங்கும் இடத்திலிருந்து தூதரகம் எவ்வளவு தொலைவோ, ஏறத்தாழ அவ்வளவு தொலைவில் இன்னொரு நாட்டின் விமான நிலையம் இருக்கிறது. இரண்டு தலைநகரங்களின் கரைகளும் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கின்றன. நடுவில் பாலம் இல்லை, படகுதான். மாலையில் என் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் அக்கரை விளக்குகள் தெரியும்.

ஆகவே தூதரக வேலையை விமானம் இறங்கும் அதே நாளில் வைத்துக்கொள்ள வேண்டாம். முந்தின நாளே வந்து கொம்பேயில் தங்குங்கள். திரும்பும் நாளில் பகல் 12 மணி விமானத்துக்குக் காலை 7 மணிக்குள் விடுதியை விட்டுக் கிளம்பிவிடுங்கள். உள்நாட்டுப் பயணமாக இருந்தாலும், வெளிநாட்டவரிடம் கடவுச்சீட்டையும் விசாவையும் காட்டும்படி கேட்பார்கள். பழைய கடவுச்சீட்டைத் தூதரகத்தில் கொடுத்துவிட்டுத் திரும்ப நேர்ந்தால், அவர்கள் தரும் ரசீதையும் விசாப் பக்கத்தின் நகலையும் கையில் வைத்திருப்பது அவசியம். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டையையும் மறக்காதீர்கள்.

செம்புத்தடம் எழுதியது:

அக்கா, ஐயா, நண்பர்கள் அனைவருக்கும் நன்றி. முந்தின நாளே போவதாகச் சீட்டை மாற்றிவிட்டேன். ஒரேயொரு கேள்வி மட்டும் எஞ்சியிருக்கிறது. ஆண்டு இறுதியில் விடுப்பில் ஊருக்குப் போகும்போது கின்ஷாசா வழியாகப் போவதில் ஏதாவது நன்மை உண்டா? தலைநகர் என்பதால் அங்கே விமானங்கள் அதிகம் இருக்குமே என்று எண்ணினேன்.

நிலநடுக்கோடு எழுதியது:

வேண்டாம். நீங்கள் போக வேண்டிய திசை வடகிழக்கு. கின்ஷாசா உங்களுக்கு வடமேற்கே இருக்கிறது. இந்தியாவுக்குப் போகும் வழியில் விமானம் மாறக்கூடிய எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபா, லுபும்பாஷியிலிருந்து நேர்க்கோட்டில் ஏறத்தாழ 2,600 கிலோமீட்டர். கின்ஷாசாவிலிருந்து அதே அடிஸ் அபாபாவுக்கு ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர். முதலில் 1,550 கிலோமீட்டர் மேற்கே போய், பிறகு 3,000 கிலோமீட்டர் கிழக்கே திரும்புவதில் பொருள் இல்லை. எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் இரண்டு ஊர்களுக்கும் பறக்கிறது என்பதால், லுபும்பாஷியிலேயே ஏறிக்கொள்ளுங்கள்.

செம்புத்தடம் எழுதியது:

சென்று திரும்பிவிட்டேன். வான்வழி அவர்களின் கணக்கைச் சரிபார்ப்பதற்காக, கைக்கடிகாரத்தை லுபும்பாஷி நேரத்திலேயே வைத்துக்கொண்டு இரு பயணங்களிலும் நேரத்தைக் குறித்தேன். இதே தடத்தில் செல்லவிருக்கும் மற்றவர்களுக்குப் பயன்படலாம் என்பதால் இங்கே பதிகிறேன்.

போகும்போது விமானம் நகரத் தொடங்கியது 9:25. தரையை விட்டு எழுந்தது 9:37. கின்ஷாசாவில் சக்கரம் தரையைத் தொட்டது 11:46, அங்குள்ள கடிகாரத்தில் 10:46. நின்றது எட்டு நிமிடம் கழித்து. வானில் இருந்தது இரண்டு மணி ஒன்பது நிமிடம், மொத்தம் இரண்டு மணி இருபத்தொன்பது நிமிடம். நடுவில் ஒருமுறை இடப்பக்கம் நீண்ட நேரம் சாய்ந்து திரும்பியதையும், வலப்பக்கச் சாளரத்தில் வெண்மேகச் சுவர் ஒன்று வெகுநேரம் கூடவே வந்ததையும் கண்டேன். மழைக்காலம் தொடங்கியிருந்ததால் காலையிலும் மேகம் இருந்தது. கீழே தெரிந்தவரை சாலை என்று சொல்லத்தக்க எதையும் என் கண் காணவில்லை. அவ்வப்போது பழுப்பு நிறத்தில் ஓர் ஆறும், அதன் வளைவில் சில கூரைகளும் மட்டும் தெரிந்தன. கட்டங்காவாசி ஐயா எழுதிய கசாய் சாலையை நினைத்துக்கொண்டு பார்த்ததால், அந்த ஒரு மணி நேரமும் சாளரத்தை விட்டுத் திரும்ப மனம் வரவில்லை.

ந்ஜிலியிலிருந்து கொம்பேயில் உள்ள விடுதி சேர இரண்டு மணி பத்து நிமிடம் ஆயிற்று. ஆற்றங்கரை அக்கா சொன்னதைக் கேட்டிராவிட்டால், அன்று தூதரகத்தின் வாயில் மூடிய பிறகுதான் போய்ச் சேர்ந்திருப்பேன்.

திரும்பும்போது விமானம் தாமதம். 12:00 மணிக்கு இருந்த புறப்பாடு கின்ஷாசா நேரப்படி 13:40 ஆயிற்று. எழுந்தது 13:52, இறங்கியது 15:55, நின்றது 16:01. லுபும்பாஷிக் கடிகாரத்தில் அது 17:01. வானில் இருந்தது இரண்டு மணி மூன்று நிமிடம், மொத்தம் இரண்டு மணி இருபத்தொரு நிமிடம். மேகத்தைச் சுற்ற வேண்டியிருக்கவில்லை. லுவானோவில் இறங்கி, கால் மணி நேரத்தில் வீட்டில் இருந்தேன். அப்போது ஊரில் இரவு ஒன்பது மணி. அம்மா விழித்திருந்தார்.